பசும்புல் முளைத்த இடம்

பேசில் இறந்த மூன்றாம் வசந்தத்தில் அந்தப் புல் என்னைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் ஊர் சுற்றுச்சாலையை ஒட்டிய மணல்மேடு ஒரு காலத்தில் முழுக்க ஹெதர். சத்தில்லாத மண்ணில்தான் அந்தச் செடி வாழும். பைன் கன்றுகளும் முட்புதரும் யாரோ வீசிய மெத்தைகளுமாகக் கிடந்த மேட்டை என் கணவர் பேசில் வியாழன்தோறும் ஆட்களைத் திரட்டி மீட்டார். பதினெட்டு வருடம். சத்து ஏறிய மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் அடியில் கிடக்கும் பழைய விதை தானே முளைக்கும் என்பார். நாய்க் கழிவு மண்ணுக்கு உரமாகிவிடும் என்று நாயோடு வருகிறவர்களிடம் சண்டை போடுவார். அஸ்திக்கும் அவரிடம் அதே சட்டம். எலும்புச் சாம்பலும் உரம்தானே.

ஒருமுறை ராய் பாஸ்கோ தன் மனைவி ஐரிஸின் அஸ்தியை அங்கே தூவிக்கொண்டிருந்தார். பேசில் பிடித்துவிட்டார். மண்ணோடு வழித்து அள்ளச் சொன்னார். பையை விரித்துப் பிடித்தவள் நான். ராய் ஒரு பிடியைக் கோட்டுக்குள் போட்டதைப் பேசில் பார்த்துவிட்டார்.

"அதையும் போடுங்க, ராய்."

போட்டார். அடுத்த வியாழன் எங்களோடு வேலைக்கும் வந்தார்.

பேசில் போன பிறகு ஒரு விடியற்காலையில் நானும் அவர் அஸ்தியை அந்த மேட்டில் தூவினேன். அவரை வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வருடம் அங்கே எதுவும் முளைக்கவில்லை. மறு வருடம் கொஞ்சம் புல். மூன்றாம் வசந்தத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பசும்புல், நடுவில் காஞ்சொறி.

அதற்குள் ராய்தான் எங்கள் தலைவர். தேநீர் குடிக்கும்போது எங்களோடு வேலைக்கு வரும் மோரீன் அந்தப் புல்லைக் காட்டி, "எந்த வீட்டு நாய்ப்பா இது, குதிரை சைஸ் இருக்கும்போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராய் புல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மண்வெட்டியை நீட்டினார்.

"நீங்களே எடுங்க, தெல்மா. உங்களுக்குத்தான் முறை தெரியும்."

பையை அவர் விரித்துப் பிடித்தார். மணலில் சாம்பல் நிறத் துகள்கள் தெரிந்தன. இன்னும் ஆழமாக என்று இரண்டு தடவை சொன்னார். பை நிறையப்போகும் நேரத்தில் ஒரு பிடியை என் கையுறைக்குள் தள்ளினேன்.

"கையுறையைக் கழட்டுங்க," என்றார் குரலை உயர்த்தாமல். "அதையும் போடுங்க."

உதறினேன். நகத்தில் ஒட்டியிருந்ததைத் தன் கைக்குட்டையால் அவரே துடைத்து, கைக்குட்டையையும் பைக்குள் போட்டார். மற்ற குப்பையோடு பையை வண்டியில் ஏற்றினார்கள். ஐரிஸின் அஸ்தியை ராய் வீட்டுக்கு எடுத்துப்போனதாகத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவரிடம் கேட்டேன்.

"இதே வண்டிதான்," என்றார் ராய். "குப்பைமேட்டுக்கு. பேசில்தான் ஓட்டினார்."

பேசில் சொன்னது சரிதான். அடுத்த வருடம் அங்கே ஹெதர் முளைத்தது.