ஒற்றை வரிப் பெட்டி

அன்று காலை கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள்:

மேனேஜர் விமலேஷ். தூங்காத முகம், இஸ்திரி போட்ட பூப்போட்ட சட்டை.

வாசேமதா. இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவளுடைய வேலை போகப்போகிறது என்பது வாலு பே துறைமுகம் முழுக்கத் தெரியும்.

அபெனிசா. பகல் ஷிப்டின் தலைவன்.

ஷால்வின். எங்கள் குளிர்கிடங்குக்குப் புது சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த கடையின் ஆள். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

பிறகு நான், மேசாகே. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இரவில் மீன்பெட்டி தள்ளுகிறவன். சாட்சிக்கு இரு என்றார்கள். எதற்குச் சாட்சி என்று சொல்லவில்லை.

மூன்றாம் அறையில் சூரை மீன் இளகிப் போயிருந்தது. கதவு ரப்பர் கிழிந்த அறை அது. முந்தைய நாள் பகல் ஷிப்ட், ஒரு படகுச் சரக்கு மொத்தத்தையும் அதில்தான் அடுக்கியிருந்தது. வெப்பமானி பின்சுவரில் இருக்கிறது. கதவருகே நடப்பது அதற்குத் தெரியாது. ரப்பர் கிழிந்ததைக் கண்ணால் பார்த்தவள் வாசேமதா மட்டும்தான். முந்தைய நாள் காலை ஷிப்ட் முடிந்து போகும்போது அடுத்தவர்களுக்கான குறிப்பில் எழுதிவிட்டுத்தான் போனேன் என்கிறாள். ஆனால் திரையில் அவள் பெயருக்கு நேரே இருந்தது எங்கள் ஊர் வணக்கம் மட்டும்தான்:

புலா, வீட்டாரே. எல்லாரும் சௌக்கியமா?

“இதுதான் எச்சரிக்கையா? மீன்கிட்ட சௌக்கியம் விசாரிச்சியா?” என்றார் விமலேஷ்.

“கீழ எழுதினேன் சார்.”

“கீழன்னா எங்க? மேசைக்குக் கீழயா?”

“புலாவுக்குக் கீழ. மூணாம் ரூம்ல சரக்கு வெக்காதீங்க, கதவு ரப்பர் போச்சுன்னு எழுதினேன்.”

“அப்ப அது எங்க போச்சு? நீந்திப் போயிடுச்சா?”

விமலேஷ் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினார்.

“உன் தங்கச்சி எதிர்ல இருக்கற கோல்டு ஸ்டோர்லதான வேலை பாக்கறா?”

“அவ அங்க தரை கழுவறா சார்.”

“தரை கழுவறவளுக்குக் காது இல்லியா? நம்ம சரக்கு கெட்டா ஏற்றுமதி ஆர்டர் யாருக்குப் போகும்?”

இப்படித்தான் ஒருவரை ஒருவர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தோம். எனக்கு அபெனிசா மேல்தான் சந்தேகம். அவனுடைய ஊரும் வாசேமதாவின் ஊரும் தௌவு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உறவு கொண்டாடும் ஊர்கள். ஒருவரை ஒருவர் எப்படித் திட்டினாலும் கோபிக்கக் கூடாது. மற்ற நாட்களில் அவளைப் பார்த்ததும், “வந்துட்டா பாரு, மரவள்ளித் திருடி” என்பான். அவளும், “உன் வாயில நண்டு கடிக்க” என்பாள். இன்று அவன் வாயே திறக்கவில்லை. விளையாட்டுக்கு அவளுடைய எச்சரிக்கையை அழித்துவிட்டு, விளையாட்டு முற்றியதும் பயந்துவிட்டானோ? திரைக்கு முன்னால் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தவன் அவன்தான்.

“தம்பி, யாராவது அழிச்சிருக்க முடியுமா?” என்று ஷால்வினைக் கேட்டார் விமலேஷ்.

“சான்ஸே இல்ல சார். எழுதினது எழுதினதுதான். இங்க இல்லன்னா எழுதலன்னு அர்த்தம்.”

கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது. அவன் திரையைப் பார்க்கவே இல்லை. என் சந்தேகத்தில் பாதியை அவன் பக்கம் மாற்றினேன்.

வாசேமதா சுவரில் சாய்ந்து நின்றாள். கம்பெனி வீட்டில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், புருஷன் கப்பலில். வேலை போனால் வீடும் போகும். அவள் அழுதிருந்தால் எனக்குச் சலிப்பாக இருந்திருக்கும். அழவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புது சாஃப்ட்வேர் வந்த பிறகு பகல்காரர்கள் எங்களுக்கு எழுதிவைப்பதும் வெறும் விசாரிப்பாகத்தான் இருந்தது. ‘புலா, ராத்திரி மக்களே. மழை விட்டுச்சா?’ அவ்வளவுதான். திமிர் ஏறிவிட்டது, வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கை வணங்கவில்லை என்று நாங்கள் டீ குடிக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டிருந்தோம். ஏன் எழுதவில்லை என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் குற்றம் சாட்டுவதாகிவிடும். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுவதைவிட முதுகுக்குப் பின்னால் ஒரு மாதம் முறைப்பது மரியாதை.

“சார், பகல் ஆளுங்களும் இப்படித்தான். வெறும் புலாவ மட்டும் எழுதிட்டுப் போயிடறாங்க” என்றேன்.

அபெனிசாவுக்கு வாய் வந்துவிட்டது. “யார்ரா வெறும் புலா எழுதறவன்? விசிறி பெல்ட் தேஞ்சிருக்கு, மாத்துங்கன்னு மூணு வாட்டி எழுதினேன். ராத்திரி ராஜாக்கள் படிச்சிட்டும் கால நீட்டிப் படுத்துக்கெடந்தீங்க.”

“எந்த பெல்ட்?” என்றாள் வாசேமதா.

“ரெண்டாவது கம்ப்ரசர் பெல்ட்டுதான். தெரியாத மாதிரி நடிக்காத.”

“எங்களுக்கு நீ மழையப் பத்தித்தான் எழுதின.”

“மழைய மேல எழுதினேன். பெல்ட்ட கீழ எழுதினேன்.”

விமலேஷ் எழுந்து திரைக்குக் கிட்டே போனார்.

“தம்பி, அந்தக் குறிப்புப் பெட்டில இருக்கறத அப்படியே எடுத்து வேற எடத்துல போட்டுக் காட்டு. எனக்கு மறைக்காமக் காட்டு.”

ஷால்வின் மவுஸைப் பிடித்தான். திரை நிறைய வெப்பநிலைக் கோடுகள். அவற்றுக்கு அடியில், ஒடுங்கி, ஒரே வரி கொள்ளும் உயரத்தில் குறிப்புப் பெட்டி. நகலெடுக்க, அம்பைப் புலாவின் மேல் வைத்து அவன் இழுத்தான். கை கொஞ்சம் கீழே வழுக்கியது. பெட்டிக்குள் எழுத்து துள்ளியது. புலா மேலே போய் மறைந்து, வேறு ஏதோ வந்தது. அவன் விரலை எடுத்துவிட்டான். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

“இன்னொரு தடவ இழு” என்றேன்.

“அது சும்மா, திரை ஆடுது.”

“இழுடா” என்றார் விமலேஷ்.

இழுத்தான். மூணாம் ரூம்ல சரக்கு வெக்காதீங்க என்று வந்தது. இன்னும் இழுத்தான். கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கு என்று வந்தது. முந்தைய குறிப்புகளைத் திறந்தான். அபெனிசாவின் மழைக்குக் கீழே பெல்ட் இருந்தது, மூன்று முறையும். எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் புலா எழுதி, என்டர் தட்டி, அடுத்த வரியில்தான் விஷயத்துக்கு வருவார்கள். பழைய சாஃப்ட்வேரில் பெட்டி உள்ளங்கை உயரம் இருந்தது. எல்லா வரியும் தெரிந்தது. இதில் தலை மட்டும் தெரிந்தது. கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்ல, நகர்த்தும் பட்டைகூட இல்லை.

“அழியல சார். நான் சொன்னேனே, எல்லாம் இருக்கு” என்றான் ஷால்வின். அவன் குரல் மெலிந்துவிட்டது. “காட்டறதுலதான் பிரச்சன. ஒரு வரிப் பெட்டில யாராவது என்டர் தட்டுவாங்களா?”

“ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழையறப்ப விசாரிக்காம, மீன் எங்கன்னு கேப்பியா?” என்றாள் வாசேமதா. “திருடன்தான் அப்படி வருவான்.”

“பெட்டிய யாரு இவ்ளோ சின்னதாக்கச் சொன்னது?” என்று கேட்டேன்.

ஷால்வின் விமலேஷைப் பார்த்தான். “சார்தான். வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்க, படம் பெருசா தெரியணும், கீழ இருக்கறத நசுக்குன்னு சொன்னீங்களே சார். இதே ரூம்ல.”

“நானா? அதக் கேட்டவங்க யாரு?”

“அபெனிசா அண்ணன் பக்கத்துலயே இருந்தாரு.”

எல்லாரும் அபெனிசாவைப் பார்த்தோம். அவன் கண் வாசேமதாவிடம் போய், அங்கிருந்து தரைக்கு இறங்கியது.

“நான் டீ போடப் போயிருந்தேன்” என்றான்.

அவன் டீ போட்டு யாரும் பார்த்ததில்லை. வாசேமதாவுக்கும் அது தெரியும். தௌவு என்ற உரிமையில் அவள் அவனை அந்த இடத்திலேயே உரித்துத் தொங்கவிட்டிருக்கலாம். விமலேஷ் முந்திக்கொண்டார்.

“வாசேமதா, ராத்திரி வழக்கம்போல ஷிப்டுக்கு வந்துடு. உன் மேல தப்பு இல்ல. பெட்டி இவன் தப்புன்னு நான் மேல சொல்லிக்கறேன்.”

அவள் அபெனிசாவைப் பார்த்தாள். பிறகு விமலேஷைப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

“ஷால்வின், கேட் பாஸ் கார்டக் குடுத்துட்டுக் கெளம்பு. உன் மொதலாளிகிட்ட நான் பேசறேன்.”

“சார், பெட்டிய இப்பவே பெருசாக்கிடலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

“கார்டு.”

ஷால்வின் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேசையில் வைத்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று வாசலில் கொஞ்சம் நின்றான். வாசேமதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வெளியே கால் வைத்ததும் விமலேஷ், எங்கள் மூவரையும் உள்ளே வைத்தே கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.