வயரிங்கில் கோளாறு

என் கணவர் பல் டாக்டர். நான் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவள். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால், "இவ சுவத்துல ஓட்டை போடுவா, நான் பல்லுல போடுவேன்" என்று அறிமுகப்படுத்துவார். ஆரம்பத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம். சத்தப் பைத்தியம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. கூட்டுகிற சாக்கில் அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் வீடு இரண்டுபடும். பாட்டெல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சுவருக்குள் ஓடும் கேபிள் வழியாக வரும். போன வருஷம் பழைய கேபிள்களைப் பிடுங்கிவிட்டு வீடு முழுக்க நானே புதிதாக இழுத்தேன். ஒரு ஒயர் வெளியே தெரியாது. நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

"பாட்டுல உயிரே இல்ல," என்றார். "டிரம்ஸ்ல அந்தச் சின்னத் தட்டு இருக்கே, முன்னெல்லாம் கண்ணாடி உடையுற மாதிரி கேக்கும். இப்ப துணியப் போத்தி அடிக்கிற மாதிரி இருக்கு. உன் வயரிங்லதான் ஏதோ கோளாறு."

கேபிளில் வருவது வெறும் எண்கள். வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் பாட்டே நின்றுவிடும், பாதி உயிரோடு வராது என்று பொறுமையாக விளக்கினேன். எனக்குப் பொறுமை குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் நெட்வொர்க் போடுகிறவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள் என்று அவர் நண்பர்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது சுருக்கென்றது. முனைகளை வெட்டி மறுபடி மாட்டினேன். சோதனை மெஷினை வைத்து ஒவ்வொரு கேபிளாக அளந்தேன். எல்லாம் சுத்தம்.

"உன் மெஷினுக்குக் காது இல்ல," என்றார்.

அதற்கப்புறம் வீட்டுக்குப் பார்சல்கள் வர ஆரம்பித்தன. பாம்பு தடிமனில் கேபிள், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கக் கல் பலகை. கடைசியாக, இசைக்கென்றே செய்ததாம், ஒரு நெட்வொர்க் சுவிட்ச். ஒரு இணைப்பைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"டெஸ்ட் வைப்போம்," என்றேன். "கண்ண மூடிட்டு உக்காருங்க. பழைய பெட்டியையும் புதுசையும் மாத்தி மாத்தி மாட்டுறேன். எது எதுன்னு சரியா சொல்லிட்டா, வீட்டு வயரிங்க மொத்தமாப் பிடுங்கிடுறேன்."

"சொல்லலைன்னா?"

"என் வயரிங்ல தப்பில்லன்னு எல்லார் முன்னாலயும் நீங்க சொல்லணும்."

எல்லார் என்றால் அவருடைய அக்கா. விடுமுறைக்கு எங்களோடு தங்கியிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டியின் அடாப்டரைப் பிளக்கில் செருகியதுமே கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. சன்னமாக, விடாமல், காதோரம் கொசு பறப்பது போல. எனக்கு ஒரே குஷி. பாட்டைச் சுத்தம் செய்ய வந்த பெட்டியே கத்துகிறது! அவர் வாயைத் திறக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கியதை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் எடுத்துவிடலாம் என்று அதைத் துருப்புச்சீட்டாகப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

பாட்டு ஓடியது. பழைய பெட்டி வழியாக வந்ததை "மந்தம்" என்றார். புதியதையும் மந்தம் என்றார். அப்போதே டெஸ்டை நிறுத்தியிருக்கலாம். குறும்பு தலைக்கேறி, அடுத்த பாட்டு தொடங்கியதும் கேபிளையே உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். பிளேயர் முழுப் பாட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் அது பாட்டுக்கு ஓடியது.

"இதான்!" என்றார், கண்ணை மூடியபடியே. "தட்டு லேசாத் தெரியுது பாரு. இது புதுசு!"

"கண்ணத் திறங்க," என்று கேபிள் முனையை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன். அண்ணி மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவரும் அசடு வழியச் சிரித்தார். பாட்டு முடிந்தது.

"நல்லா இருக்கு உங்க கூத்து," என்றார் அண்ணி. "முதல்ல அந்தப் பெட்டிய அணைங்க. அப்ப புடிச்சு கொசு மாதிரி காதக் குடையுது."

"எந்தப் பெட்டி?"

"புதுசுதாண்டா. கீச்சுங்குதே."

அவர் என்னைப் பார்த்தார். துருப்புச்சீட்டை இறக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அந்த முகத்தில் நடிப்பே இல்லை. எழுந்து போய்ப் பெட்டியருகே குனிந்து ஒரு காதை வைத்தார். பிறகு மறு காதை வைத்தார்.

"உனக்கும் கேக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"ம்."

அடாப்டரைப் பிடுங்கினார். "இப்ப?"

"இல்ல."

செருகினார். "இப்ப?"

"கேக்குது."

திரும்பத் திரும்பக் கேட்டார். கிளினிக்கில் பல்லைத் தட்டித் தட்டி, எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அதே நிதானமான குரல். நானும் ஒளிக்காமல் பதில் சொன்னேன். அவரைவிட மூத்தவர் அவர் அக்கா. அக்காவுக்குக் கேட்கிறது.

"டிரில்," என்றார் கடைசியில். "வருஷக்கணக்கா காதுகிட்ட கத்துது. எங்க ஆளுங்களுக்கு வர்றதுதான், கீச்சுச் சத்தம்தான் முதல்ல கேக்காமப் போகும். காதடைப்பான் போடச் சொல்லி காலேஜ்லயே படிச்சுப் படிச்சு சொன்னாங்க. போட்டா பேஷண்ட் முனகுறது கேக்காதேன்னு நான் போடல."

"பெட்டிய மாத்திக் குடுப்பாங்கல்ல?" என்றார் விஷயம் புரியாத அண்ணி.

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, பந்தயம்னா பந்தயம். அக்கா, நல்லாக் கேட்டுக்க. இவ வயரிங்ல ஒரு தப்பும் இல்ல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு முனை எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு," என்றேன். "நாளைக்குப் பிரிச்சுப் பாக்குறேன்."

"எல்லாம் அளந்தியே. மெஷின் சரின்னுதானே சொல்லுச்சு?"

"மெஷினுக்குக் காது இல்ல," என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.