ஏரிக்கரைக்கு அந்தாண்ட சோறு

வயித்தெரிச்சல்தான். ஒத்துக்கறேன், எனக்கின்னா பயம்?

போன பங்குனியில சர்க்கார் ரெண்டு ராஜ்யத்துக்கும் நடுவுல கோடு போட்டுச்சு. ஏரிக்கரைக்கு இந்தாண்ட எங்க ஊரு ஆந்திராவுல நின்னுடுச்சு. அந்தாண்ட, என் தங்கச்சி ஜெயம்மா வாக்கப்பட்ட ஊரு மெட்ராஸுக்குப் போயிடுச்சு. அதோட விட்டாங்களா? அந்த ஊரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு மத்தியானம் சோறு போட ஆரம்பிச்சுட்டாங்க. ஜெயம்மாவுக்கு ஒரு புழு பூச்சி கிடையாது. பிள்ளையில்லாதவ ஊட்டுக்குப் பக்கத்துல சோத்துப் பள்ளிக்கூடம். என் பொண்ணு ரத்னா இங்க காலையில குடிச்ச கூழோட சுருண்டுக்கினு கெடக்குது. எரியுமா எரியாதா? எங்களுக்கும் போடுங்கன்னு சித்தூர் ஆபீசுல மனு குடுத்தோம். பார்க்கலாம்னு தெலுங்குல 'சூஸ்தாம்'னாங்க. இன்னும் பார்த்துக்கினேதான் இருக்காங்க.

ஜெயம்மாவையும் பொண்ணையும் நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கினு போனேன். வேதாச்சலம் வாத்தியார் நல்ல மனுசன். "வெளியூருப் பிள்ளைக்கு இங்க சோறு போட ரூல் இல்லம்மா"ன்னாரு.

"இது வெளியூருப் பிள்ளை இல்ல சார். என் தங்கச்சிக்குத் தத்து குடுத்துட்டேன், எழுதிக்குங்க"ன்னுட்டேன். ஜெயம்மா தலையாட்டினா. அவ புருசன் சம்பத் பேரைத் தகப்பன் பேரா எழுதினாங்க. ரத்னா கிட்ட, "இங்க சித்தியை அம்மான்னு கூப்பிடு, என்னைப் பெரியம்மான்னு சொல்லு. மாத்திச் சொன்னே, சோறு போயிடும்"னு சொல்லிக் குடுத்ததும் நாந்தான்.

ரெண்டு மாசத்துல பொண்ணுக்குக் கன்னம் உப்பிடுச்சு. சந்தோசப்படணுமில்ல? எனக்கு ஆகலை. அந்தச் சோத்துக்கு ஊரு ஜனமும் ஆளுக்கொரு பிடி அரிசி குடுக்கணும். ஜெயம்மா ரெண்டு பிடி குடுக்கறாளாம். என் பொண்ணுக்குத் தலை சீவி கனகாம்பரம் வெக்கறாளாம். "மழை வந்தா அங்கயே படுத்துக்கறேம்மா"ங்குது இது. ஒரு வேளை சோத்துக்குப் போயி பெத்ததைத் தூக்கிக் குடுத்தேனே, பாவி!

போதும்டா சாமின்னு ஒரு நாள் பொண்ணைக் கூட்டியாந்துட மத்தியானமா போனேன். பிள்ளைங்க வரிசையா குந்திக்கினு துன்னுதுங்க. ஒத்தாசைக்கு வந்த ஜெயம்மா சாம்பார் ஊத்திக்கினு இருந்தா. பெரிய ஆபீசர் ஒருத்தர் தணிக்கைக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிக்கினு இருந்தாரு.

"ஆந்திரா பக்கத்துப் பிள்ளைங்க யாராவது இங்க சாப்பிடுதா?"

வாத்தியாருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னைப் பார்த்ததும் ரத்னா துன்றதை நிறுத்திடுச்சு. ஆபீசர் அதைக் கவனிச்சுட்டாரு.

"யாரும்மா இவங்க?"

பொண்ணு எழுந்து நின்னுது. என்னை நேராப் பார்த்துச்சு. "எங்க பெரியம்மா சார்." ஒரு தடங்கல் இல்ல.

"அப்படியாம்மா?"ன்னு என்னைக் கேட்டாரு.

நான் பெத்தவ சார்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா பொண்ணு சோறு போவும், வாத்தியாரு வேலையும் போவும்.

"ஆமா சார். பெரியம்மாதான்."

ரத்னா மறுபடியும் குந்திச்சு. "அம்மா, இன்னும் கொஞ்சம்"னுச்சு. நான் ஓரடி எடுத்து வெச்சுட்டேன். அது தட்டை ஜெயம்மா பக்கம் நீட்டிக்கினு இருந்துச்சு.