ஏழு துருக்கி வாக்கியங்கள்

மஞ்சக்குப்பத்தில் முப்பத்தோரு வருடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்திய மரியலூர்துக்கு, அறுபத்திரண்டு வயதில் துருக்கி மொழி படிக்கவேண்டிய தலையெழுத்து வந்தது. வந்தது என்ன, அவரே இழுத்துவிட்டுக்கொண்டதுதான்.

அவருடைய ஒரே மகள் நித்யா மேரி, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கென்று துருக்கியில் இஸ்மீர் நகரத்துக்குப் போனாள். கூட வேலை பார்த்த கெரெமை அங்கேயே கட்டிக்கொண்டாள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் நடந்தது கல்யாணமே இல்லை என்று மரியலூர்து குதித்தார். கெரெமின் அம்மா நெர்மின், சம்பந்தியைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வீடியோ காலில் வந்தார். சிரித்தபடி ஒரு கிளாஸ் டீயைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். மரியலூர்து ஒரு வார்த்தை பேசாமல் ஃபோனைக் கட் பண்ணினார்.

அது நடந்து இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது நித்யாவுக்கு ஐந்தாவது மாதம். அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் போன மாதம்தான் அவள் தன் அம்மா சவரிமேரியிடம் சொன்னாள். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து, மறுபடி கூப்பிடுவார் என்று நெர்மின் அம்மா அரை மணி நேரம் ஃபோனுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். டீ ஆறிப்போனதாம். நான் ஏதாவது தப்பு பண்ணிவிட்டேனா என்று இன்றைக்கும் கேட்கிறாராம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து மரியலூர்துக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். அந்த அம்மாவுக்குத் துருக்கி தவிர வேறு பாஷை தெரியாது. மகளை நடுவில் உட்கார வைத்துக் கேட்பது மன்னிப்பே இல்லை, மெஷினை விட்டுக் கேட்பது அதைவிடக் கேவலம் என்று சொல்லிவிட்டு, இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கான துருக்கி இலக்கணம் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார்.

அவர் இங்கிலீஷ் பேசுகிறவர்தானே. ரசம் கேட்பதுகூட இங்கிலீஷில்தான். புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்தியது. வினைச்சொல் கடைசியில் வரும், திகைக்காதீர்கள். ஒரு சொல்லின் வாலில் நாலு விகுதி ஒட்டும், மனம் தளராதீர்கள். மனுஷர் ஒழுங்காகத் திகைத்தார், மனமும் தளர்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் எழுதி, அப்புறம் அதைத் தலைகீழாகப் புரட்டினார்.

சனிக்கிழமைதோறும் துருக்கி கற்றுக்கொள்ளப் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்த ரேகா மொழியியல் படித்தவள், துருக்கியில் அங்காராவில் இரண்டு வருடம் இருந்தவள். அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"வூட்டுக்குப் போனேன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் லண்டன் வழியா போறீங்க? மொதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க. பாதி வேல முடிஞ்சிடும்."

அவருக்குச் சுருக்கென்றது. அதோடு அவள் விடவில்லை. அவர் எழுதியிருந்த மன்னிப்பின் முதல் வரி, 'அழைப்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்திருந்தது. இங்கிலீஷில் கௌரவமான வரி. அவள் அதன் மேல் பேனாவை வைத்தாள்.

"யார் சார் துண்டிச்சது?"

திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை அவர் உர்ரென்றுதான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தமிழில் சொல்லிப் பார்த்தார். 'ஃபோனை நான்தான் கட் பண்ணினேன்.' வெட்கக்கேடுதான், இரண்டு வருடத்தில் இதை அவர் எந்த பாஷையிலும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் சவரிமேரியிடம் சொன்னார். எனக்கு அன்னிக்கே தெரியும் என்று அவள் காய் நறுக்கப் போய்விட்டாள்.

மூன்று மாதத்தில் ஏழு வாக்கியம் தேறியது. ஏழாவது, விடைபெறுவதற்கு: 'ஹோஷ்சா கலின்.' நல்லபடியாக இருங்கள் என்று அர்த்தம். ஃபோனை வைக்கிறவர் சொல்வது அதுதான் என்று ரேகா எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார். நித்யாவும் கெரெமும் கடைக்குப் போயிருந்த நேரம். நெர்மின் அம்மா எடுத்தார். தாளைப் பார்த்து மரியலூர்து சொன்னார்: "தெலெஃபோனு பென் கபத்தம்." ஃபோனை நான்தான் கட் பண்ணினேன். அப்புறம், "பெனி அஃபெதின்." என்னை மன்னியுங்கள்.

நெர்மின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறையப் பேசினார். 'சாய்', அதாவது டீ, என்ற ஒரு சொல்தான் மரியலூர்துக்குப் பிடிபட்டது. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

கடைசி வரி வந்தது. பிள்ளைத்தாய்ச்சி மகள் இருக்கிற வீடு. இருங்கள் என்று சொல்லிவிட்டு நம்பாட்டுக்கு வைத்துவிடுவதா? பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் அவர் அப்படிக் கிளம்பியதில்லை. ஏழாவது வரியை விட்டுவிட்டார். ரேகா சொன்னபடி தமிழிலிருந்து நேராகவே வந்தார். "கிதிப் கெலியோரும்" என்றார். போயிட்டு வரேன். நெர்மின் அம்மா தலையாட்டினார். மரியலூர்து ஃபோனை வைத்துவிட்டு, ஜெயித்த களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டார்.

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அத்தகிட்ட என்னா சொன்னீங்க? ரெண்டு மணி நேரமா ஃபோன் முன்னாடியே உக்காந்திருக்காங்க. சாப்புடல. போயிட்டு இதோ வரேன்னு அவரு சொன்னாரு, வருவாருங்கறாங்க."

மரியலூர்து சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். மறுபடியும் அதே அம்மா, அதே ஃபோன், அதே காத்திருப்பு. மூன்று மாதம் படித்து அதே பாவத்தை இன்னொரு தரம் செய்திருக்கிறார். தாளைத் தேடினார், கிடைக்கவில்லை. தாளில்லாமலே கூப்பிட்டார்.

முதல் மணியிலேயே நெர்மின் அம்மா எடுத்தார். மேஜையில் இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி. மற்றது சின்னத் தட்டு போட்டு மூடியிருந்தது.

"கெல்தினிஸ் மி?" என்றார். வந்துட்டீங்களா?

அவர் படித்த ஏழில் இதற்குப் பதில் இல்லை. தமிழில் சொல்லிப் பார்த்து, அவர் கேட்ட சொல்லின் வாலை மாற்றினார்.

"கெல்திம்." வந்துட்டேன்.

நெர்மின் அம்மா தட்டை எடுத்துவிட்டு, மூடியிருந்த கிளாஸைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். மரியலூர்து இந்தப் பக்கம் வெறுங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சவரிமேரி சிரித்தாள். தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டினார்கள். முடிக்கும்போது அவர் மறுபடியும் கிதிப் கெலியோரும் என்றுதான் சொன்னார். வேறு எதுவும் வரவில்லை.

"நே ஸமான்?" என்று நெர்மின் அம்மா கேட்டார். எப்போது?

அவர் அதை மனைவியிடம் தமிழில் கேட்டார்.

"நாளைக்குன்னு சொல்லுங்க" என்றாள் சவரிமேரி. "சொல்லிட்டு வராம இருந்துடாதீங்க."

"யாரின்" என்றார். நாளைக்கு.

நெர்மின் அம்மா தலையாட்டிவிட்டு, அவரே வைக்கட்டும் என்று காத்திருந்தார். மரியலூர்துக்கு அந்தச் சிவப்பு பட்டன் மேல் விரல் போகவில்லை. கடைசியில் சவரிமேரிதான் அமுக்கினாள்.