ஓடையோரத்து ஆடமின் வாரிசு

கத்பர்ட் சைக்ஸ் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் பிரபு வம்சத்தவராகிவிட முடிவு செய்தார். கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்ந்தது. கார் வந்தது. காரோடு கூடவே பேச்சில் ஒரு லண்டன் இழுவையும் வந்து ஒட்டிக்கொண்டது. இனி வாங்க மிச்சமிருந்தது முன்னோர்கள்தான். அவர்களையும் தபாலில் வரவழைத்தார். மூன்று சிங்கமும் ஒரு வாளும் பொறித்த குலச்சின்னக் கேடயம் வைக்கோல் பொதிந்த பெட்டியில் வந்து இறங்கியது. அதை அவர் வாசல் கதவில் மாட்டிய அன்று கிரேவ்ராய்ட் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

வின்னி ஹேக் மட்டும் போகவில்லை. அவள் தன் சமையலறைத் தரையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தண்ணீர் சைக்ஸ் வீட்டு வழியாக வருவது. அவர் வீட்டை ஒட்டி மேட்டிலிருந்து இறங்கும் ஓடை தூர்ந்துபோய், முள்ளும் குப்பையும் மண்டிக் கிடந்தது. நாலு தூறல் விழுந்தால் போதும், கரை வழிந்து சரிவில் இறங்கி, நேராக வின்னியின் அடுப்படிக்கு வந்துவிடும். அந்த அடுப்பில் சுடும் ரொட்டிதான் முப்பது வீடுகளுக்குப் போகிறது. மில் இயந்திரத்தில் இரண்டு விரலை இழந்த கணவன் ஆர்னல்டுக்கு அரை வேலைதான். அடுப்பின் அடிச் செங்கல் ஊறி உதிர்கிறது, இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஓடைக்கு வழி பிறக்காமல் புதுச் செங்கல் வைத்தும் பயனில்லையாம்.

மூன்று முறை சைக்ஸிடம் போயிருந்தாள். ஓடை சாலையைச் சேர்ந்தது என்றார் அவர். எங்களுடையது இல்லை என்றது ஊராட்சி.

"எங்க குடும்பம் ஓடை வெட்டுற குடும்பம் இல்ல, மிஸஸ் ஹேக்" என்றார் மூன்றாவது முறை, அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்து. "எங்க முன்னோர் இங்கிலாந்த ஜெயிச்ச வில்லியம் ராஜாவோட கப்பல்ல, கையில வாளோட வந்து இறங்கினவங்க."

"வர்றப்போ ஒரு மண்வெட்டியும் எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அக்டோபரில் சைக்ஸ் ஒரு கூட்டம் போட்டார். சனிக்கிழமை மாலை, சர்ச்சின் ஞாயிறு பள்ளி மண்டபத்தில், 'சைக்ஸ் குடும்பத்தின் தொன்மை.' ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் மிஸ் டார்டாஃப் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து வந்து வாசிப்பார். எல்லோருக்கும் டீ, பன்றித் தொடைக் கறி.

"நாம போகவேணாம், வின்னி" என்றான் ஆர்னல்ட். "நீ வாயத் தொறந்தா மூட மாட்ட."

"கறி போடறாங்களாம்ல? அந்த ஆளு கையால ஊருக்கு வரப்போற ஒரே நல்லது அதுதான். கோட்டப் போடு."

மிஸ் டார்டாஃப் ஒரு மாதம் முன்பே ஏடுகளின் நகலை சைக்ஸுக்கு அனுப்பியிருந்தார். அது லத்தீனில் இருந்தது. தனக்கு லத்தீன் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பார்? 'மிகச் சிறப்பு, ஒரு வரி விடாமல் வாசிக்கவும்' என்று பதில் எழுதிவிட்டார்.

கூட்டத்தில் முதலில் அவரே பேசினார். இதே மண், இதே வீட்டு மனை, தகப்பனிடமிருந்து மகனுக்கு, நடுவில் ஒரு கண்ணிகூட அறுந்ததில்லை என்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் முன் வரிசையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஆகவே அதையே இன்னொரு தரம், மெதுவாகச் சொன்னார்.

மிஸ் டார்டாஃப் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஆறு ஆடம் இருப்பாங்க. வரி போடணும், அபராதம் போடணும்னா எந்த ஆடம்னு தெரியணுமே? அதனால பண்ணைக் கணக்கர் அவன் குடியிருந்த இடத்தச் சேர்த்து எழுதினார். தோப்போரமா இருந்தவன் ஷா. மலையிடுக்குல இருந்தவன் கிளஃப். வேலி போட்ட நிலத்துல இருந்தவன் ஹேக். சதுப்புல இருந்து தண்ணி வடியுற சின்ன ஓடைக்கு நம்ம பக்கத்துல 'சைக்'னு பேரு, உங்களுக்கே தெரியும். அதோட கரையில இருந்தவன்தான் சைக்ஸ்."

"அப்போ கப்பல்?" பின்னாலிருந்து இறைச்சிக் கடைக்காரன் ஈனக் கிளஃப் குரல் கொடுத்தான். "அந்த ஓடையில வாத்தே தரை தட்டுமேம்மா!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சைக்ஸும் சிரித்து வைத்தார், பல்வலிக்காரன் சிரிப்பதுபோல.

மிஸ் டார்டாஃப் லத்தீனைப் பெயர்த்து வாசித்தார். "ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறாம் ஆண்டு. ஓடையோரத்து ஆடம் தன் வீட்டருகே ஓடும் ஓடையைத் தூர்வாரவில்லை. தண்ணீர் கீழ்வீட்டு விதவையின் களஞ்சியத்தில் புகுந்து தானியம் அழுகியது. அபராதம் இரண்டு பென்னி. முப்பத்தொன்பதாம் ஆண்டு. ஆடமின் மகன் ராஜர், அதே ஓடை, அதே குற்றம். அறுபத்திரண்டு. ராஜரின் மகன் ஹக், அதே ஓடை. அபராதம் நான்கு பென்னி. மன்றத்தில் திமிராகப் பேசியதற்கு மேலும் இரண்டு."

"அது குடும்ப ஜாடைதான்!" என்றான் ஈனக்.

"இது... வேற யாரோ" என்றார் சைக்ஸ். லண்டன் இழுவை எங்கோ போய்விட்டிருந்தது.

"இருக்கலாம் சார்" என்றார் மிஸ் டார்டாஃப், கேலி இல்லாமல். "அப்படி வச்சுக்கிட்டா, உங்க கொள்ளுத் தாத்தா ஹாலிஃபாக்ஸ்ல இருந்து இங்க குடி வந்ததுதான் முதல் பதிவு. எண்பது வருஷம். அதுல இருந்து வேணா வாசிக்கட்டுமா?"

ஆர்னல்ட் மனைவியின் பாவாடையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் எழுந்துவிட்டாள்.

"மிஸ்டர் சைக்ஸ், ஒரே கேள்வி. ஆடம் உங்க ஆளா, இல்லையா? இல்லன்னா நீங்களும் பொழைக்க வந்த குடும்பம்தான், அதுல ஒரு கேவலமும் இல்ல. கறிக்கு நன்றி, நாங்க கிளம்பறோம். உங்க ஆள்தான்னா, அந்த ஓடை உங்களோடது. அறுநூறு வருஷமா எழுதி வச்சிருக்காங்க. என் அடுப்பு கரைஞ்சிட்டிருக்கு. இப்பவே சொல்லுங்க."

சைக்ஸ் அவளைப் பார்த்தார். பத்திரிகைக்காரரின் பென்சிலைப் பார்த்தார். ஹாலிஃபாக்ஸிலிருந்து மூட்டையோடு வந்த கொள்ளுத் தாத்தா ஒரு பக்கம், தூர்வாராத ஆடம் மறு பக்கம். மானமுள்ள மனிதன் யோசித்திருக்கவே மாட்டான். இவர் யோசித்தார், ஆனால் எந்த முன்னோருக்கு வயது அதிகம் என்பதை மட்டும்.

"சொல்லுங்க துரை, டீ ஆறுது" என்றான் ஈனக்.

"ஆடம் எங்க மூதாதை." முகவாயைத் தூக்கிக்கொண்டார். "ரொம்பப் பழைய குடும்பம்."

"ஓடை?"

"அதுவும் எங்க... குடும்பச் சொத்துதான்."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். சேற்றுக்குள்ளிருந்து சைக்ஸ் தோட்டத்து ரோஜாக் கழிவும் உடைந்த பூந்தொட்டிகளும் ஒரு இரும்புக் கட்டிலும் வெளியே வந்தன. சைக்ஸ் புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு கரைமேல் நின்றார். பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. வழியே போன பாதிரியாரைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்த ஓடைய எங்க குடும்பம் கண்ணு மாதிரி காப்பாத்திட்டு வருது, ஃபாதர். தலைமுறை தலைமுறையா" என்று உரக்கச் சொன்னார்.

ஜன்னலருகே நின்ற வின்னிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆர்னல்ட் பயத்தோடு அவளைப் பார்த்தான். "ஏதாவது சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? அந்தாளுக்கு வெக்கம் கிக்கம் வந்து தொலைச்சா வேலை நின்னுடும். பீத்திக்கட்டும், நல்லா பீத்திக்கட்டும். அடுத்த வருஷமும் தூர்வாரணும்ல?"

புதன்கிழமை கொத்தனார் வந்து அடுப்பின் அடிச் செங்கலை மாற்றினார். வியாழக்கிழமை பிடித்த மழை வெள்ளி மாலைவரை விடவில்லை. ஓடை இரைந்துகொண்டு வீட்டைச் சுற்றி வளைந்து கீழே போயிற்று. வின்னி மண்டியிட்டு உள்ளங்கையை அடுப்படித் தரையில் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். மாவுத் தூசிதான் ஒட்டியிருந்தது.