சாம்பலுக்கு அடியில் இருந்த கோடு

ஒரு ஜப்பான்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக என் மகள் ஹேரின் போனில் சொன்னபோது நான் கொரியாவில், பூசான் துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் கீழே வைக்காமலே "முடியாது" என்றேன்.

என் அப்பனை அந்த நாட்டுக்காரர்கள் சுரங்க வேலைக்கு இழுத்துப் போனார்கள். திரும்பி வந்த பிறகு சாகிற வரைக்கும் இருமினார். அதைச் செய்தது இந்தப் பயல் இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு தடவை வந்து ஆளப் பாருங்கப்பா. பாத்துட்டு அப்பவும் முடியாதுன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். எடுக்க மாட்டேன் என்றால் எடுக்க மாட்டாள். அவள் என் மகள். வயது முப்பத்து நான்கு, ஜப்பானில் ககோஷிமா ஊரில் ஒரு ஓட்டலில் வேலை. பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லலாம் என்றுதான் கப்பல் ஏறினேன்.

ககோஷிமா எனக்குப் புதிது இல்லை. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டவன் நான். அந்தத் துறையில் எத்தனை தடவை இறங்கினேன் என்று கணக்கு இல்லை. துறைமுகத்து ஜப்பான் பேச்சும் வரும், பாதி கெட்ட வார்த்தை.

பயலின் பெயர் சமெஜிமா. பஸ் டிரைவர். நல்ல உயரம். என்னைப் பார்த்ததும் முதுகு வளையக் குனிந்து, எங்கள் மொழியில் "அப்பா" என்றான்.

"நான் உனக்கு அப்பா இல்ல" என்றேன். அப்புறம் ஐயா என்றே கூப்பிட்டான். இரண்டு நாளும் என் பெட்டியைத் தூக்கினான், மீனில் முள் எடுத்து வைத்தான். அதிகம் குனிகிறவனை நான் நம்புவதில்லை. குனிகிறபோது முகம் தெரியாது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய பஸ் டிப்போ அணிக்கு அந்த வருஷத்தின் கடைசி கால்பந்தாட்டம். காலையிலேயே ஆடி முடித்து ஜெயித்துவிட்டார்களாம். மத்தியானம் ஹேரின் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனாள். விரிகுடாவை ஒட்டின மண் மைதானம். எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் சகுராஜிமா எரிமலை புகைந்துகொண்டிருந்தது. அது என்றைக்குப் புகையாமல் இருந்தது? சுண்ணாம்பில் கோடு போட்டால் சாம்பலோடு சேர்த்துப் பெருக்க வேண்டியிருக்கும் என்று வெள்ளை நாடாவை மண்ணில் ஆணியடித்துப் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பின்னாலும் நான்கு துடைப்பம் சாய்ந்திருந்தது.

மைதானத்தில் படகுக் கம்பெனி ஆட்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் இறங்கினார்கள். சமெஜிமாவும் இறங்கினான், கையில் கொடியோடு.

"அவன் ஏன் அங்க நிக்கிறான்?"

"காலைல ஆடுன அணிங்கதான் மத்தியானத்துக்குக் கோட்டோரம் கொடி பிடிக்க ஆள் அனுப்பணும்பா. இங்க அப்படித்தான்."

"இதுல எவன் ஜெயிச்சா அவனுக்கு என்ன?"

"படகுக் கம்பெனி ஜெயிச்சா அவங்க மேல் லீக்குக்குப் போவாங்க. ஜெயிக்கலைன்னா இவர் அணி போகும். பதினோரு வருஷமா காத்திருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஆட்டத்தையே அவன் கையில குடுத்துட்டாங்கன்னு சொல்லு."

பூசானில் எங்கள் துறைமுகத்து ஆட்டம் ஒன்றில் கொடி பிடித்தவனைக் கடலில் தூக்கிப் போட்டிருக்கிறோம். எதிர் அணிக்காரனுக்கு அவன் மச்சான் முறை, அவ்வளவுதான். இடது காலைப் பிடித்தவன் நான்.

என் பக்கத்தில் எழுபது வயசுக்காரி ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இவாகிரி என்று பெயர். அவள் மகன்தான் படகுக் கம்பெனியின் ஒன்பதாம் நம்பர். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், எங்கள் பாஷை கொஞ்சம் தெரியும் போல.

"என்ன கொரியாக்கார அண்ணே, உங்க ஊர்ல கொடிய யாரு பிடிப்பா? சாமியா?"

"சாமிய நம்பலாம்" என்றேன்.

"அப்ப ஆரஞ்சு தின்னுங்க" என்று பாதியை என் கையில் வைத்தாள்.

எங்களுக்கு முன்வரிசையில் பஸ் டிப்போக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், காலை ஆட்டத்து அழுக்கோடு சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். வாத்தியார்கள் பந்தைத் தொடுகிறபோதெல்லாம் கத்தினார்கள். "வாத்தியாரே, வீட்டுப்பாடம் அப்புறம் திருத்தலாம், ஓடும்!" குண்டாக இருந்தவன் அவர்கள் தலைவன் ஹிகாஷி. அவன்தான் அதிகம் கத்தினான்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கோணலாகும் என்று காத்திருந்தேன். இரண்டு தடவை படகுக்காரர்களுக்கு எதிராகத் தூக்கினான். "பாத்தியா?" என்று ஹேரினை இடித்தேன். இரண்டும் சரியான கொடிதான், ஆனாலும் இடித்தேன்.

கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது மலை வெடித்தது.

முதலில் சத்தம் இல்லை. கறுப்பாக ஒரு தூண் எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. கடல் நிறம் மாறியது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது, காதில் இல்லை, வயிற்றில். கப்பலில் புயல் பார்த்தவன் நான். புயல் நம்மை நோக்கி வரும், அடிக்கும், போகும். இது நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. பாதி வானத்தை எடுத்துக்கொண்டு நின்றது. துறையில் எத்தனையோ தடவை சாம்பலைத் திட்டிக்கொண்டே கப்பல் தளம் கழுவியிருக்கிறேன். நின்று மலையைப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். "நம்ம பக்கம்" என்றாள் இவாகிரி, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் சாம்பல் இறங்கியது. எல்லாக் குடையும் விரிந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை. குடைமேல் மணல் கொட்டுகிற சத்தம். அவள் குடைக்குள் நானும் தலையை விட்டுக்கொண்டேன். நடுவர் விசில் ஊதினார். இரண்டு அணியும் துடைப்பத்தை எடுத்து நாடாவைப் பெருக்கினார்கள். ஒருத்தனை ஒருத்தன் உதைத்துக்கொண்டிருந்தவர்கள் தோளோடு தோளாகப் பெருக்கினார்கள். மறுபடி விசில். ஆட்டம்.

பெருக்கின கோடு ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மைதானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஆட்கள் புகைக்குள் ஓடுகிற நிழல் மாதிரி ஓடினார்கள். எங்கள் ஊராக இருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம், ஜெயித்தது நாங்கள்தான் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு.

கடைசி நிமிஷம். ஒன்பதாம் நம்பர் இடது காலால் அடித்தான். பந்து மேல் கம்பத்தில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. வாத்தியார்களின் கோல்கீப்பர் பாய்ந்து வெளியே இழுத்தான். சாம்பல் புகையாகக் கிளம்பியது. உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா? கோடே இல்லை, எதை வைத்துச் சொல்வது? நடுவர் தூரத்தில் இருந்தார். திரும்பி சமெஜிமாவைப் பார்த்தார்.

மைதானமே அவனைப் பார்த்தது. அவன் சும்மா நின்றால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம். கை கீழே இருந்தால் பதினோரு வருஷக் காத்திருப்பு முடிந்தது. யாரும் அவனைக் கேட்கவும் முடியாது.

கொடி மேலே போனது. அப்புறம் நடுக்கோட்டைப் பார்த்து ஓடினான். கோல்.

இவாகிரி துள்ளினதில் குடை பறந்தது. கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஹிகாஷி எழுந்து நின்றான். இப்போது தூக்கிப் போடுவார்கள், கடல்கூடப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

"டேய் சமெஜிமா!"

அவன் திரும்பினான். முகம், முடி, எல்லாம் சாம்பல்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

ஹிகாஷி "சரி" என்றான். உட்கார்ந்தான். சோற்று உருண்டை கையிலேயே நசுங்கிப் போயிருந்தது. இவாகிரி துள்ளலை நிறுத்திவிட்டு அவன் முதுகைப் பார்த்துக் குனிந்தாள். எனக்குச் சாம்பல் விழுந்த கைமேல் மயிர் எல்லாம் எழுந்து நின்றது. மலை வெடித்தபோதுகூட அப்படி நிற்கவில்லை.

ஆனால் நான் லேசில் விடுகிறவன் இல்லை. மாமனார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாடகம் போட்டானோ? வெளியே விழுந்த பந்துக்குக் கொடி தூக்கி, நல்லவன் என்று பெயர் வாங்கப் பார்த்தானோ? கடைசி விசில் ஊதினதும் எல்லாரும், பார்க்க வந்தவர்கள்கூட, வீட்டிலிருந்து கொண்டுவந்த துடைப்பத்தோடு இறங்கினார்கள். பெருக்கிவிட்டால் போச்சு. நான் குடையில்லாமல் கோலைப் பார்த்து ஓடினேன்.

"அப்பா! எங்க போறீங்க?"

"நில்லுங்க! யாரும் பெருக்காதீங்க!" என்று கத்தினேன். துடைப்பங்கள் நின்றன. கம்பத்தடியில் முட்டி போட்டு உள்ளங்கையால் சாம்பலைத் தள்ளினேன். வெள்ளை நாடா வந்தது. பந்து விழுந்த வட்டம் பாதி மூடியிருந்தது, ஆனால் இருந்தது. நாடாவுக்கு உள்ளே. கை விரித்து அளந்தேன். ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல்.

பக்கத்தில் கோல்கீப்பர் வாத்தியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "எதுக்கு ஐயா அளக்குறீங்க? உள்ளதான் விழுந்துச்சு, எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்யா சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலையே."

இந்த ஆளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியவர்.

சமெஜிமா துடைப்பத்தோடு வந்து நின்றான். அந்த வட்டத்தை அவன் பார்க்கக்கூட இல்லை. நான் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"உண்மையச் சொல்லு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னுதானே கொடியத் தூக்குன?"

அவன் என்னைப் பார்த்தான், மலங்க மலங்க. "ஐயா... ஆட்டம் ஆரம்பிச்சதும் நீங்க வந்ததே மறந்துபோச்சு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சாம்பலுக்குள் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று குனிந்தான்.

பின்னால் ஹிகாஷி கத்தினான். "நாளையிலேர்ந்து மலை ரூட்டு உனக்குத்தான்டா! ஒரு வருஷத்துக்கு! வளைவுக்கு வளைவு எங்கள நினைச்சுக்க!" பஸ்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். சாம்பலாக இருக்கலாம்.

"குனிஞ்சது போதும், நிமிரு" என்றேன். அவன் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினேன். "இந்தப் பக்கத்தை நான் பாத்துக்கிறேன். நீ போய் அந்தக் குண்டன் கூட நில்லு."

மலை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பெருக்கின இடத்திலேயே மறுபடி விழுந்தது. மைதானம் முழுக்க அறுபது எழுபது துடைப்பம், இந்த அணி அந்த அணி என்று இல்லாமல் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. ஹேரின் என் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். முடிவு என்ன என்று அவளாகக் கேட்க மாட்டாள், என் மகள் ஆயிற்றே.

நாடாவின் மூலை வரைக்கும் பெருக்கி முடித்தேன்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு" என்றேன்.

"என்ன சொல்றது?"

"கல்யாணத்துக்கு மாசம் பாக்கச் சொல்லு. இந்த ஊர்ல வேண்டாம்னு சொல்லு, சட்டையெல்லாம் பாழாப்போகும்."