பதினொரு விநாடி

இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்த நர்ஸ், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். நோயாளியைப் பார்க்க வந்த ஒருவன் அதைப் பதினொரு விநாடி வீடியோ எடுத்து இணையத்தில் போட்டான். மறுநாளே அது ஊரெல்லாம் பரவியது. அவள் வேலை போயிற்று.

அவனைத் தேடிப் பிடித்து, அழித்துவிடும்படி கேட்டாள்.

"அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா. நாலு பேரு சிரிப்பாங்கன்னுதான் போட்டேன். இப்ப யார் யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றான். அவன் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

பிறகு அது வந்த ஒவ்வொரு இணையப் பக்கமாகத் தேடிப் புகார் கொடுத்தாள். ஒன்றை நீக்கினால் இன்னொன்று, சினிமாப் பாட்டு சேர்த்து வந்தது.

ஒரு மாலை மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, நாளைக்கு ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பாவே வரட்டும்."

"சரிம்மா," என்றாள். அன்றோடு புகார் கொடுப்பதையும் விட்டுவிட்டாள்.